சர்ஜரி பயிற்சியில் பெண்கள்: கேலியை விடுங்கள், கேஸைக் கவனியுங்கள்

மேற்படிப்புக்கு சர்ஜரி எடுக்கலாமா என்று கேட்கிற ஜூனியர் பெண்களிடம் எடுங்கள் என்றுதான் சொல்கிறேன். நைட் டூட்டி, மணிக்கணக்கில் நிற்பது, குடும்பம் என்று பயமுறுத்த ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. 'பெண்களுக்கு இது ஒத்துவராது' என்ற நினைப்பு கேலியாக வந்தால் அன்றைக்கு எரிச்சல், அதோடு போயிற்று. அக்கறையாக வரும்போதுதான் அது பயிற்சியையே தின்கிறது.

ஹெர்னியா (குடலிறக்கம்) கேஸ் என்று வையுங்கள். திறந்து, குடலிறக்கப் பையைப் பிரித்து எடுத்தாயிற்று. பலவீனமான இடத்தைத் தாங்கும் வலையான மெஷ்ஷைத் தைக்கிற நேரத்தில், "ராத்திரி பூரா டூட்டி பார்த்திருக்கம்மா, இதை நான் முடிச்சிடறேன்" என்று சீனியர் தையல் ஊசியைப் பிடிக்கும் நீடில் ஹோல்டரை வாங்கிக்கொள்வார். அதே டூட்டி பார்த்த ஆண் பேட்ச்மேட்டிடம், "மெதுவாப் போடு, நான் இருக்கேன்ல" என்பார். இரண்டுமே அன்பான பேச்சுதான். ஆனால் பயிற்சி முடியும்போது அவன் போட்ட தையல்கள் உங்கள் கையில் பழகியிருக்காது.

ஆபரேஷன் தியேட்டரில் நமக்கு எவ்வளவு சுதந்திரம் கிடைக்கிறது என்பதை அளக்க 'ஸ்விஷ்' என்று ஓர் அளவுகோல் இருக்கிறது. அதில் நான்கு படிகள். முதலில் சீனியர் செய்துகாட்டுவார். அடுத்து, வழிநடத்திக்கொண்டே நம்மைச் செய்யவைப்பார். மூன்றாவதில் ஆபரேஷனை நாம் நடத்துவோம், அவர் அசிஸ்ட் செய்வார். கடைசியில் வெறும் மேற்பார்வை. செய்த கேஸ்களைப் பதியும் லாக்புக்கில் 'அசிஸ்ட் செய்தேன்' என்று மொட்டையாக எழுதாமல், எந்தப் படி, எந்தக் கட்டத்தில் கருவி கைமாறியது என்று அன்றைக்கே குறித்துவையுங்கள். நான் அப்படிக் குறித்துப் பார்த்தபோது, ஒரு யூனிட்டில் மட்டும் இரண்டாம் படியிலேயே நின்றுகொண்டிருப்பது தெரிந்தது. மற்ற யூனிட்களில் அதே ஆபரேஷனை நான்தான் நடத்திக்கொண்டிருந்தேன். அப்படியானால் சிக்கல் என் கையில் இல்லை.

அந்த யூனிட் சீஃபிடம் பேசும்போது பாரபட்சம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. "சார், இந்த ஆபரேஷனில் அடுத்த படிக்குப் போக என்னிடம் என்ன குறைகிறது?" என்று மட்டும் கேட்டேன். குறை எதையும் அவரால் சொல்ல முடியவில்லை. கேஸ் கிடைக்க ஆரம்பித்தது. எல்லா சீஃபும் இப்படி இருக்க மாட்டார்கள், அது வேறு விஷயம். ஆபரேஷனுக்குக் கை கழுவி ஸ்கிரப் செய்யும்போதே, "இன்று மெஷ் தைப்பதுவரை நான் செய்கிறேன், தவறினால் நிறுத்துங்கள்" என்று பேசிவைத்துக்கொள்வது இன்னும் நல்லது. பாதி ஆபரேஷனில் கருவியை வாங்குவது அப்புறம் அவ்வளவு சுலபமில்லை.

2019இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் அமெரிக்க சர்ஜரி ரெசிடென்ட்கள் (பயிற்சி மருத்துவர்கள்) 7,400க்கும் மேற்பட்டோரிடம் எடுத்த ஆய்வு ஒன்று வந்தது. பெண்களில் சுமார் 65 சதவீதம் பேர் பாலினப் பாகுபாட்டைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். வேலையால் மனமும் உடலும் களைத்துப்போகும் 'பர்ன்அவுட்' அறிகுறிகளும் பெண்களிடம் அதிகம் இருந்தன. ஆனால் அவர்கள் பட்ட மோசமான நடத்தைகளையும் கணக்கில் சேர்த்ததும் அந்த வித்தியாசம் காணாமல் போனது. பெண்களால் தாக்குப்பிடிக்க முடியாது என்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

பாலினப் பாகுபாடு அதிகம் வந்தது நோயாளிகளிடமிருந்தும் அவர்கள் குடும்பத்தாரிடமிருந்தும்தான் என்கிறது அதே ஆய்வு. எல்லாம் விளக்கி முடித்த பிறகு, "சரி சிஸ்டர், டாக்டர் எப்ப வருவார்?" என்பார்கள். கோபப்பட்டுப் பயனில்லை. பெயருக்கு முன்பே, "உங்கள் ஆபரேஷனைச் செய்யும் டாக்டர்களில் நான் ஒருத்தி" என்று தொடங்குங்கள். ரவுண்ட்ஸில் கேள்வி தன்னிடம் வந்தால், "அவங்ககிட்டயே கேளுங்க" என்று உங்கள் பக்கம் திருப்பிவிடும்படி சீனியரிடம் முன்பே சொல்லிவையுங்கள். அந்த ஒரு வாக்கியத்துக்கு இருக்கும் பலன் நம் விளக்கம் எதற்கும் கிடையாது.

சிறு துளை வழியே செய்யும் லேப்பராஸ்கோபியில் ஸ்டேப்ளரை அழுத்தத் திணறினால் 'கையில் பலமில்லை' என்பார்கள். கிளவுஸ் அளவு 6.5 அல்லது அதற்கும் சிறிய கை உள்ளவர்களுக்கு லேப்பராஸ்கோபிக் கருவிகள் அதிகச் சிரமம் தருவதாக 2004இலேயே ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. கைப்பிடிதான் பெரிது. இரண்டு கையால் அழுத்துங்கள், யாரும் மதிப்பெண் குறைக்கப்போவதில்லை. டேபிளை இறக்கவோ ஸ்டூல் கொண்டுவரவோ நோயாளிமேல் துணி (டிரேப்) போடுவதற்கு முன்பே சொல்லுங்கள். உயரமான சீனியருக்கு ஏற்ற டேபிளில் தோளைத் தூக்கிக்கொண்டு தைத்தால் தையலும் கோணும், கழுத்தும் போகும்.

யூனிட்டில் பெண் சீனியர் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ண வேண்டாம். சர்ஜரி என்றதும் ஆணை நினைக்கும் பழக்கம் பெண் மருத்துவர்களுக்குள்ளும் இருக்கிறது. மகப்பேறு பிரிவில் ஆண் பயிற்சியாளர்கள் நோயாளியைப் பரிசோதிக்க வாய்ப்பில்லாமல் வெளியே நிற்பதும் இதே கதைதான். லாக்புக் யோசனை அவர்களுக்கும் உதவும்.

கடைசியாக, பயிற்சியில் சேர்வதற்கான இன்டர்வியூ. கல்யாணம், குழந்தை எப்போது என்ற கேள்வி இன்னமும் வருகிறது. "பயிற்சியை முழுமையாக முடிக்கும் திட்டத்தோடுதான் வந்திருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, நீங்கள் கடைசியாகச் செய்த கேஸுக்குப் பேச்சைத் திருப்புங்கள். பெரும்பாலும் அதற்குமேல் கிளற மாட்டார்கள். கிளறினால், சேருவதற்கு முன் அங்கே ஏற்கெனவே பயிற்சியில் இருக்கும் பெண்களிடம் எந்தப் படிவரை கேஸ் கிடைக்கிறது என்று விசாரித்துவிடுங்கள்.