ஒட்டாமல் நின்ற மாநிலம்
அமெரிக்கத் தேர்தல் வரைபடங்களில் எனக்குப் பிடித்தது 1984தான். அதிபர் தேர்தலில் 49 மாநிலங்களைக் குடியரசுக் கட்சியின் ரீகன் அள்ளிக்கொண்டு போக, மின்னசோட்டா மட்டும் மண்ணின் மைந்தர், ஜனநாயகக் கட்சி வேட்பாளர் வால்டர் மாண்டேல் பக்கம் நின்றது. வித்தியாசம் 3,761 ஓட்டு. பதிவானதோ 20 லட்சத்துக்கு மேல், அதில் இது கொசுறு!

கட்சி மாநாட்டு மேடையிலேயே 'வரியை உயர்த்துவேன்' என்று சொன்ன மனிதர், பாவம். ஆனாலும் வடக்கே இரும்புச் சுரங்கத் தொழிலாளர்கள் கைவிடவில்லை. மின்னசோட்டாவில் ஜனநாயகக் கட்சியின் பெயரிலேயே விவசாயியும் தொழிலாளரும் உண்டு, 1944இல் இரண்டு கட்சிகள் இணைந்ததிலிருந்து.

தலைநகர் வாஷிங்டனையும் சேர்த்து மாண்டேலுக்குத் தேறியது 13 தேர்வாளர் வாக்குகள் (அதிபரை முடிவு செய்யும், மாநிலவாரியாகக் கிடைக்கும் வாக்குகள்). ரீகனுக்கு 525. சரி, 1972க்கு அப்புறம் குடியரசுக் கட்சி வேட்பாளர் யாரும் மின்னசோட்டாவில் ஜெயித்ததே இல்லை. 2016இல் டிரம்ப் ஒன்றரை சதவீதத்தில் கோட்டை விட்டார்.