1603-உடன் ஒரு வாரம்

மார்ச் 2, ஞாயிறு

வீட்டுப் படங்களை ஆண்டுவாரியாக அடுக்கித் தரும் மென்பொருள் ஒன்றை நான்கு வருடமாக வைத்திருக்கிறேன். புதிய பதிப்பு வந்திருந்தது. ஐந்து நிமிட வேலைதானே என்று மத்தியானம் உட்கார்ந்தேன். பச்சைப் பட்டை முக்கால்வாசி ஊர்ந்தது, நின்றது, அப்புறம் வந்த வழியே பின்னால் போக ஆரம்பித்தது. திரும்பிப் போகும்போது மட்டும் நல்ல வேகம். கடைசியில் ஒரு சின்னப் பெட்டி: 0எக்ஸ்80070643. அதற்குக் கீழே ‘சரி’ என்று ஒரு பொத்தான். என்ன சரி?

மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் அதே இடம், அதே எண்.

மார்ச் 3, திங்கள்

வழக்கமான சடங்குகள் எல்லாம் முடிந்தன. ரீஸ்டார்ட், அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டுவது, ஆன்டிவைரஸைக் கொஞ்ச நேரம் நிறுத்துவது, கோப்பை மறுபடி டவுன்லோடு செய்வது. டிஸ்கில் 40 ஜிபி காலியாக இருக்கிறது, அதனால் இடப் பிரச்சினையும் இல்லை. நடுவில் ஒரே ஒரு முறை 1618 என்று வேறு எண் வந்தது. பின்னணியில் இன்னொரு நிறுவல் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். அது முடியும்வரை காத்திருந்தேன். 1618 போய் பழைய எண் வந்தது.

தம்பிக்கு போன் செய்தேன். பதினைந்து வருடமாகக் கம்ப்யூட்டர் துறையில் இருப்பவன். “ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களாண்ணா?” என்றான்.

மார்ச் 4, செவ்வாய்

துப்பு மகளிடமிருந்து கிடைத்தது. தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தவள், “அது ஹெக்ஸ் நம்பர்ப்பா” என்றாள். பத்துக்குப் பதில் பதினாறை அடிப்படையாக வைத்து எண்ணும் முறை. முன்னால் உள்ள 8007, விண்டோஸின் சாதாரணப் பிழை எண் ஒன்று வேறு உடையில் வந்திருக்கிறது என்பதற்கான அடையாளம். மிச்சமிருக்கும் 643-ஐத்தான் பிரிக்க வேண்டும். ஆறு 256-கள், நான்கு 16-கள், ஒரு 3. கூட்டினால் 1603.

கண்டுபிடித்த சந்தோஷம் இரண்டு நிமிடம்கூட நிற்கவில்லை. 1603 என்றால் ‘நிறுவும்போது மோசமான பிழை நேர்ந்தது’, அவ்வளவுதான். டாக்டரிடம் போய் உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்வதுபோல.

மார்ச் 6, வியாழன்

நேற்று கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. இன்று தம்பியே கூப்பிட்டான். “டெம்ப் ஃபோல்டர்ல லாக் இருக்கும்ணா, அதப் பாருங்க.” இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

லாக் என்றால் நிறுவலின் ஒவ்வொரு படியும் பதிவாகும் கோப்பு. ஆயிரக்கணக்கான வரிகள். மேலிருந்து படித்தால் பைத்தியம்தான் பிடிக்கும். ‘ரிட்டர்ன் வேல்யூ 3’ என்று தேடச் சொன்னான். நிறுவலின் ஏதாவது ஒரு படி தோற்றால் அந்த வரி விழுமாம். முதலில் அகப்படும் இடத்திலிருந்து நாலைந்து வரி மேலே போனால் பெரும்பாலும் உண்மையான காரணம் உட்கார்ந்திருக்கும். உட்கார்ந்திருந்தது: பிழை 1714, பழைய பதிப்பை நீக்க முடியவில்லை. அதன் வாலில் 1612, நிறுவலுக்கான மூலக் கோப்பு கிடைக்கவில்லை.

அதாவது புதிய பதிப்பில் ஒரு குறையும் இல்லை. பழையதுதான் இடத்தைக் காலி செய்ய மாட்டேன் என்கிறது.

மார்ச் 7, வெள்ளி

பழையதை நானே நீக்கிவிடலாம் என்று முயன்றேன். எங்கோ இருக்க வேண்டிய எம்எஸ்ஐ கோப்பை, அதாவது விண்டோஸின் நிறுவல் கோப்பை, காட்டு என்று கேட்டது. அந்தக் கோப்பு ஏன் இல்லை என்று யோசித்தபோதுதான் வயிற்றில் ஏதோ புரண்டது.

இரண்டு வருடம் முன்பு டிஸ்க் நிரம்பி வழிந்தபோது, சி டிரைவில் விண்டோஸுக்குள் ஒளிந்திருந்த ‘இன்ஸ்டாலர்’ என்ற ஃபோல்டரை நான்தான் காலி செய்தேன். புரியாத பெயர்களில் 14 ஜிபி கோப்புகள். குப்பை என்றே நினைத்தேன். எம்எஸ்ஐ வழியாக நிறுவப்படும் ஒவ்வொன்றின் பிரதியும் அங்கேதான் இருக்கும். பழுது பார்க்க, நீக்க, மேம்படுத்த அது வேண்டும். ஆனால் தினசரி ஓடுவதற்கு வேண்டாம். அதனால் இத்தனை நாள் ஒரு சத்தமும் இல்லை. திங்கட்கிழமை பெருமையாக எழுதிய அந்த 40 ஜிபி இப்போது கண்ணை உறுத்துகிறது.

வீட்டில் இதைச் சொல்லவில்லை. “யாருங்க தப்பு பண்ணது?” என்று மனைவி கேட்டாள். கம்ப்யூட்டர் என்றேன்.

மார்ச் 8, சனி

அதே பழைய பதிப்பின் எம்எஸ்ஐ வேண்டும், எண் ஒரு புள்ளிகூட மாறக் கூடாது. வெளி ஹார்ட் டிஸ்கில் ‘செட்அப் (1)’ என்ற பெயரில் கிடைத்தது. எம்எஸ்ஐ கோப்புகளை இயக்கும் எம்எஸ்ஐஎக்ஸெக் கட்டளையோடு /எஃப்வி சேர்த்து ஓட்டினேன். மூலத்திலிருந்து எடுத்து, தொலைந்த பிரதியை மறுபடி சேமித்துக்கொள்ளச் சொல்லும் கட்டளை அது. பிழை 1316: கோப்பைப் படிக்கும்போது நெட்வொர்க் பிழை.

நெட்வொர்க்கா? ரவுட்டரை அணைத்துப் போட்டேன், கேபிளைப் பிடுங்கிச் செருகினேன். அரை மணி நேரம் வீண். பிறகுதான் பெட்டியில் இருந்த கோப்பின் பெயரை நிதானமாகப் படித்தேன். வெறும் ‘செட்அப்’. அந்த (1) அதில் இல்லை. முதலில் நிறுவியபோது என்ன பெயரோ அதையேதான் தேடிக்கொண்டிருக்கிறது! பெயரிலிருந்து மூன்று எழுத்தையும் ஒரு இடைவெளியையும் அழித்தேன். மறுபடி அதே கட்டளை. ஓடியது. பழையது ஒரு நிமிடத்தில் நீங்கியது, புதியது ஏறியது.

லாகின் கடைசியில் 3010. நெஞ்சு ஒரு முறை நின்று துடித்தது. அது பிழை இல்லை, வேலை முடிந்தது, ரீஸ்டார்ட் செய் என்கிறது. தம்பி சொன்ன வைத்தியம் கடைசியில் பலித்துவிட்டது.

மார்ச் 9, ஞாயிறு

படங்கள் எல்லாம் பத்திரம். காலையில் ஸ்கேனர் மென்பொருள், புதிய பதிப்பு தயார் என்றது. அதை எப்போது நிறுவினேன் என்று தேதியைப் பார்த்தேன். மூன்று வருடம் முன்பு. ‘பிறகு நினைவூட்டு’ என்பதை அழுத்தினேன்.