ஹட்டன் மலையில் 40 நாள்

கிருஷ்ணகிரியில் மே மாதம் வந்தால் எனக்கு உட்கார நேரம் இருக்காது. காலையில் வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி, மாலையில் வீடு சந்திப்பு, ராத்திரியில் மறுநாள் பாடத்துக்கு அட்டை வெட்டி ஒட்டும் வேலை. எங்கள் சபையில் பைபிள் உமனாக, அதாவது வீடு சந்தித்து வேதம் சொல்லிக்கொடுக்கிற ஊழியக்காரியாக, 17 வருடமாக இருக்கிறேன். இத்தனை வருடத்தில் ஒரு கோடை விடுமுறைகூட நான் ஊரை விட்டு நகர்ந்ததில்லை.

2023-ல் ஈஸ்டருக்கு முன்பே போதகர் ஐயா கூப்பிட்டுக் கேட்டார். இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிற ஒரு சின்ன சபை சிறுவர் ஊழியத்துக்கு 40 நாள் ஆள் கேட்டிருக்கிறது, போகிறீர்களா அம்மா என்று. தமிழ் ஜனங்கள்தான், மொழிப் பிரச்சினை இருக்காது என்றார். வீட்டில் பேசிவிட்டுச் சரி என்றேன். பாஸ்போர்ட் எடுத்ததே அதற்காகத்தான்.

எங்கள் ஊருக்கு ஊழியமே கப்பலில் வந்ததுதான். அமெரிக்காவின் மிசௌரி லுத்தரன் சபை அனுப்பிய தியோடர் நேத்தர், ஃபிரான்ஸ் மோன் என்ற இரண்டு பேர் 1895-ல் கிருஷ்ணகிரியில் வேலையைத் தொடங்கினார்கள். நேத்தர் 1904-ல் பிளேக் நோயில் இறந்துபோனார். ஒன்பது வருடம் இந்த வெயிலைத் தாங்கிக்கொண்டு இருந்தவர், கடைசியில் இந்த மண்ணிலேயே போய்விட்டார். ஞாயிறு பள்ளியில் இந்தக் கதையை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். இப்போது கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு ஆள் கடல் தாண்டிப் போகிறோம் என்று நினைத்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அவர்களுக்கு நாங்கள் பட்ட கடனில் ஒரு பங்கை நான் அடைக்கப் போகிறேன் என்றே நினைத்துக்கொண்டு பெட்டி கட்டினேன். பெட்டியில் பாதி வி.பி.எஸ். சாமான். ஓரத்தில் இரண்டு கிலோ ராகி மாவு, என் மாமியார் வைத்தது.

பெங்களூரிலிருந்து கொழும்புக்கு விமானம் ஒன்றரை மணி நேரம்தான். அப்புறம் கொழும்புக் கோட்டையிலிருந்து ஹட்டனுக்கு ரயில், ஐந்து மணி நேரத்துக்கு மேல். எங்கள் ஊருக்கு இன்றுவரை ரயில் கிடையாது, ஜோலார்பேட்டையோ ஓசூரோ போய்த்தான் ஏற வேண்டும். அப்படிப்பட்ட ஊர்க்காரிக்கு அந்த மலைரயில் பெரிய அதிசயம். வளைவு திரும்பும்போது நம் ரயிலின் முன்பெட்டி நமக்கே தெரிகிறது. ஹட்டனில் இறங்கினால் குளிர். ஊரில் ஜனங்கள் மோருக்கும் நுங்குக்கும் அலைகிற நேரத்தில் நான் கம்பளியைத் தேடினேன்.

தோட்டம் ஹட்டனிலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரம். சபையைக் கவனித்துக்கொள்கிற ஊழியரான உபதேசியார் வந்து கூட்டிக்கொண்டு போனார். அறுபது வயது இருக்கும், ஒடிசலான மனிதர். 1854-ல் கண்டிப் பக்கத்தில் தோட்டத் தொழிலாளர்களுக்கென்று தமிழ்க் கூலி மிஷன் என்ற பெயரில் ஊழியம் தொடங்கியபோது, திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்களைக் கூட்டி வந்தார்கள். தன்னுடைய முன்னோரும் அந்த வழியில் பிற்பாடு வந்தவர்தான் என்று நடந்துகொண்டே சொன்னார். மிஷனின் பெயரிலேயே கூலி என்று இருந்ததைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் தணிந்தது.

மொழிப் பிரச்சினை இருக்காது என்று சொன்னார்களே, அது முழு உண்மை இல்லை. வாக்கியம் எல்லாம் புரியும், சொல்தான் மாட்டிக்கொள்ளும். அதிகாலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற இடம் பெரட்டுக் களம். குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் பிள்ளைக்காம்பரா. செடியின் மட்டம் பார்க்க மேலே போடுகிற குச்சி மட்டக்கம்பு. இடுப்பில் கட்டுகிற சாக்கு படங்கு. சோப்பு என்று கேட்டேன், சவர்க்காரமா என்றார்கள். அட்டை கடிக்காமல் இருக்கக் காலில் தேய்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்ததும் அதைத்தான். முதல் வாரம் நான் ஒரு நோட்டில் சொற்களாக எழுதிக்கொண்டே இருந்தேன். பாடம் நடத்த வந்தவள் எழுதிக்கொள்கிறாளே என்று பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம்.

லயம் என்றால் தொழிலாளர்கள் குடியிருக்கிற வரிசை வீடுகள். அதில் ஒரு வீடு என்பது 10-க்கு 12 அடி அறை, முன்னால் ஒரு திண்ணை, பின்னால் அடுப்படி. அதற்குள் ஏழெட்டுப் பேர். 2021-ல் வந்த 1,000 ரூபாய்தான் நான் போனபோதும் நாள் சம்பளம், இலங்கைக் காசு. நம் பணத்தில் அன்றைக்கு 300 ரூபாய்கூட வராது. அந்தத் தோட்டத்தில் 18 கிலோ கொழுந்து எடுத்தால்தான் முழுப்பேர், அதாவது முழு நாள் சம்பளம், குறைந்தால் அரைப்பேர். நான் போனதற்கு முந்தின வருடம்தான் நாட்டில் பெட்ரோலும் பால்மாவும் இல்லாமல் எல்லாரும் அல்லாடினார்கள். சாமான் விலை ஏறினது ஏறினபடியே நின்றுவிட்டது. மாலையில் கூடையை இறக்கி வைத்துவிட்டு வருகிற பெண்களின் விரல் நுனிகளைப் பார்த்தால், கறை ஏறி, வெடித்து, கறுப்புக் கோடாக இருக்கும். அந்தக் கையால் எனக்குத் தேத்தண்ணி கொடுப்பார்கள். தூள்தேயிலைதான். அவர்கள் பறிக்கிற நல்ல தேயிலை அவர்கள் அடுப்புக்கு வருவதில்லை. இது எனக்கு இன்னும் ஆறவில்லை.

வகுப்பு பள்ளி விட்ட பிறகு நாலு மணிக்கு. சபைப் பிள்ளைகள் பதினெட்டுப் பேர்தான். எதிரே மாரியம்மன் கோயில் தெருப் பிள்ளைகளும் பாட்டுச் சத்தம் கேட்டு வந்து நின்றார்கள். நான் உள்ளே வாங்க என்று கையை நீட்டிவிட்டேன். உபதேசியார் தடுத்தார். முதலில் நாம் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பெற்றவர்களிடம் கேட்க வேண்டும், என்ன சொல்லிக் கொடுக்கிறோம் என்று சொல்ல வேண்டும், அவர்கள் சம்மதித்தால்தான் என்றார். அன்று சாயங்காலம் மழையில் பதினோரு வீடு ஏறி இறங்கினோம். எட்டு வீட்டில் சரி என்றார்கள், மூன்று வீட்டில் வேண்டாம் என்றார்கள். வேண்டாம் என்ற வீட்டிலும் உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்தார்கள். கிருஷ்ணகிரியில் நான் இப்படிக் கேட்டுக்கொண்டு போனதே இல்லை. இப்போது கேட்கிறேன்.

மூன்றாவது வாரம் நல்ல சமாரியன் கதை. அடிபட்டுக் கிடந்தவனைக் கழுதையில் ஏற்றி, சத்திரத்துக்குக் கொண்டுபோய், இரண்டு பணம் கொடுத்து, இதற்கு மேலே செலவானால் நான் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சத்திரக்காரனிடம் சொல்லிவிட்டுப் போகிறான். 17 வருடமாக நான் நடிப்போடு சொல்கிற கதை. அன்றும் நன்றாகத்தான் சொன்னேன். முடித்ததும் ஒரு பொடியன் கையைத் தூக்கினான்.

"டீச்சர், அவரு திரும்பி வந்தாரா?"

அந்தக் கேள்வியை இதுவரை ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. அது கதையில் இல்லை தம்பி என்றேன். "அப்ப சத்திரக்காரருக்குக் காசு?" என்றான். வந்திருப்பார் என்று சொல்லிப் பாட்டுக்குப் போய்விட்டேன்.

வீடு சந்திப்பில்தான் அந்தப் பாட்டியைப் பார்த்தேன். எண்பது வயது. எங்கள் ஊர் வழக்கப்படி ஆயா என்று கூப்பிட்டேன், சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். அவர் ஒரு காலத்தில் பிள்ளைக்காம்பராவில் ஆயா வேலை பார்த்தவராம். அந்த லயத்தில் பாதிப் பேரை வளர்த்தவர்.

"எந்த ஊரு புள்ள நீ?"

"கிருஷ்ணகிரி, ஆயா."

"அது சேலத்துக்குப் பக்கமா?"

பக்கம்தான் என்றேன். எழுந்து உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். அதற்குள் பிளாஸ்டிக் உறை, உறைக்குள் ஒரு பழைய காகிதம். மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, பின்பக்கம் கோடுபோட்ட நோட்டுத்தாள் ஒட்டியிருந்தது. அவருடைய அப்பாவின் பெயர், தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணியின் பெயர், ஒரு கிராமத்தின் பெயர், அதற்குக் கீழே ஊத்தங்கரைத் தாலுகா, சேலம் ஜில்லா. எனக்குக் கை நடுங்கியது. ஊத்தங்கரை எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்.

அந்தத் தாலுகா 1965 வரைதான் சேலம் ஜில்லா, அப்புறம் தருமபுரி, 2004-லிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம் என்று விளக்கினேன். "அப்ப எங்கப்பா ஊரு உன் ஜில்லாவுக்கு வந்திருச்சா?" என்று என் முகத்தையே பார்த்தார். அவருடைய அண்ணன், 1964-ல் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு எண்ணப்பட்ட 5,25,000 பேரில் ஒருவராகக் கப்பல் ஏறினவர். அண்ணனோடு தொடர்பு இரண்டு கடிதத்தோடு நின்றுபோனது. ஆயா இங்கே தங்கிவிட்டார். 2003-ல் இலங்கையில் புதுச் சட்டம் வந்த பிறகுதான் கையில் குடியுரிமை என்று ஒன்று கிடைத்ததாம். அறுபது வயது வரை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் தேயிலை பறித்திருக்கிறார்.

மறுநாள் ராகி மாவை எடுத்துக்கொண்டு போனேன். அங்கே அதற்குக் குரக்கன் என்று பேர். களி கிண்டித் தருகிறேன் என்றதும் லயமே கூடிவிட்டது. நொய்யை வேகவிட்டு, மாவைக் குவித்துக் கொட்டி, நடுவில் குழி செய்து, மூடி வைத்து, அப்புறம் இரண்டு பேர் பானையைப் பிடிக்க நான் கிண்டினேன். துடுப்பு இல்லை, தேங்காய் மட்டையைச் சீவிக் கொடுத்தார்கள். உருண்டை பிடித்துக் கீரைக் குழம்போடு வைத்தேன். சின்னப் பிள்ளைகள் எல்லாம் வாயில் போட்டு மென்று, பல்லில் ஒட்டி, முகத்தைச் சுளித்தார்கள். ஆயா மட்டும் ஒரு விள்ளல் கிள்ளி, கட்டைவிரலால் குழி செய்து, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்கினார். எங்கள் ஊரில் அப்படித்தான் சாப்பிடுவோம். ஊத்தங்கரையைக் கண்ணால் பார்க்காத ஒருத்திக்கு அது யார் சொல்லிக் கொடுத்தது? அப்பா மடியில் உட்கார வைத்துப் பழக்கினாராம். ஊரில் ஒரு ஏரி உண்டு, அதன் கரையில் புளியமரம் உண்டு என்றும் சொல்வாராம்.

அந்த நெகிழ்ச்சியில்தான் சொன்னேன். "ஊருக்குப் போன ஒரே வாரத்துல உங்க கிராமத்துக்குப் போய் விசாரிச்சுச் சொல்றேன் ஆயா."

இறங்கி வரும்போது உபதேசியார் கொஞ்ச தூரம் பேசவே இல்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னார். "நல்ல மனசோடதான் சொன்னீங்க சிஸ்டர். ஆனா வர்றவங்க எல்லாரும் ஏதாவது சொல்லிட்டுத்தான் போறாங்க. ஒருத்தர் கம்ப்யூட்டர் அனுப்புறேன்னார், ஒருத்தர் ஒரு பிள்ளைய படிக்க வைக்கிறேன்னார். நீங்க போனப்புறம் வியாழக்கிழமை தவறாம நான்தான் இந்த லயத்துக்கு வரணும். என்னைத்தான் கேப்பாங்க."

கோபம் இல்லாமல்தான் சொன்னார். அதனால் எனக்கு இன்னும் வலித்தது. எங்கள் ஊருக்கு வந்த நேத்தர் திரும்பிப் போகவில்லை, அதனால் அவருடைய சொல்லுக்கு அவரே ஜாமீன். 40 நாளில் திரும்புகிற என் சொல்லுக்கு ஜாமீன் இந்த மனிதர். அவரைக் கேட்காமலேயே அவர் பேரில் கடன் எழுதியிருக்கிறேன்.

மே கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. கிளம்புகிற அன்று பிள்ளைகள் ரோடு வரை வந்தார்கள். அவ்வளவுதான், அதை எழுத ஆரம்பித்தால் முடியாது.

ஊருக்கு வந்து ஊழிய அறிக்கை எழுதினேன். சந்தித்த வீடுகள் 64, வகுப்புக்கு வந்த பிள்ளைகள் 31. நிறைவேறாத வாக்கு 1 என்று எழுத அதில் இடம் இல்லை. வந்ததும் ஜூன், பள்ளிக்கூடம் திறப்பு, மாமியாருக்குக் கண் ஆபரேஷன், சபையில் கட்டட நிதி. ஒரு வாரம் என்றவள் நாலு மாதம் கடத்திவிட்டேன். ஒவ்வொரு வியாழக்கிழமையும் காலையில் அந்த உபதேசியார் குடையோடு லயத்துக்கு ஏறுவது கண்ணுக்குத் தெரியும். தெரிந்தும் போகவில்லை. இதற்குச் சாக்கு ஒன்றும் சொல்ல மாட்டேன்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை ஊத்தங்கரைக்குப் பஸ் ஏறினேன். அங்கிருந்து ஷேர் ஆட்டோ, கடைசி இரண்டு கிலோமீட்டர் நடை. டீக்கடையில் விசாரித்தேன். காகிதத்தில் இருந்த பெயரைச் சொன்னதும் யாருக்கும் தெரியவில்லை. ஒரு பெரியவர் மட்டும், "கண்டிக்குப் போன வகையறான்னு எங்க தாத்தா சொல்லுவாரு. பஞ்சத்துல போனவங்க. அந்த வீட்டு இடம் இப்ப களமா இருக்கு" என்று கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். சொந்தம் என்று ஒருவரும் கிடைக்கவில்லை. ஏரிக்கரையில் நின்றுகொண்டு உபதேசியாருக்கு வாட்ஸாப்பில் போன் போட்டேன். அவர் எடுத்ததும், "ஐயா, நான் ஊத்தங்கரையில நிக்கிறேன்" என்றேன். "இருங்க சிஸ்டர், இருங்க, வைக்காதீங்க" என்று அவர் படியேறுகிற மூச்சு கேட்டது. பத்து நிமிடம் இருக்கும். போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

ஆயாவின் குரல் வந்தது. தாமதத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஏரி இருக்கா புள்ள?"

"இருக்கு ஆயா. பாதி சீமைக்கருவேலம் மூடியிருக்கு. மிச்சத்துல தண்ணி நிக்குது."

"புளியமரம்?"

"மரம் இல்ல ஆயா. ரோடு போடும்போது வெட்டிட்டாங்களாம்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பயந்தேன்.

"கரையில மாடு மேயுதா?"

"நாலு எருமை மேயுது."

"எருமையா?" என்றார். உடனே போனை விட்டுத் திரும்பி, பக்கத்தில் இருந்தவர்களிடம் உரக்கச் சொல்வது கேட்டது. "எருமை மேயுதாம்டீ. எங்கப்பா மேச்சதும் எருமைதான்."