சாலியாற்றோடு கடல் வரை: உதகையிலிருந்து பேப்பூருக்கு மிதிவண்டியில்

உதகையிலிருந்து கூடலூர், நாடுகாணி, நிலம்பூர் வழியாகக் கேரளத்தின் பேப்பூர்க் கடற்கரையை அடைய ஏறத்தாழ 160 கிலோமீட்டர் மிதிக்க வேண்டும். 2,200 மீட்டருக்கும் மேலான உயரத்தில் தொடங்கிக் கடல்மட்டத்தில் முடிகிற வழி என்பதால் முழுக்க இறக்கம்தான் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் பைக்காராவை எட்டுவதற்குள்ளேயே ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வந்து தொடைகளைச் சோதித்துவிடுகின்றன.

நான் இந்த வழியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் தண்ணீர். பைக்காராவில் நாம் பார்க்கிற நீர் மோயாறாகி, பவானியில் சேர்ந்து, காவிரி வழியே வங்கக் கடலுக்குப் போகிறது. நடுவட்டத்தைத் தாண்டிக் கூடலூருக்கு இறங்கினாலோ, அங்கே ஓடும் பாண்டியாறு மேற்கே திரும்பி, புன்னம்புழையாகிச் சாலியாற்றில் கலந்து அரபிக் கடலை அடைகிறது. காரில் போகும்போது கவனத்துக்கே வராத இந்த எல்லையை, மிதிவண்டியில் வருகிறவர் முகத்தில் படும் காற்றின் ஈரத்திலேயே உணர்ந்துவிடலாம்.

அந்த இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தது என் தவறு. கூடலூரில் நின்று ரிம்மைத் தொட்டபோது விரல் சுட்டது. பிரேக் கட்டைகளின் ரப்பர் இறுகிப் பளபளத்தது. சைக்கிள் கடைப் பெரியவர் கட்டைகளைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்தபடியே, “விட்டு விட்டுப் பிடிங்க தம்பி, அப்பப்ப நின்னு ஆற விடுங்க. சூடு ஏறினா டியூப் வெடிச்சிரும்” என்றார். நாடுகாணிச் சுரம் என்னும் மலைப்பாதை யானைகள் நடமாடும் காடு என்பதால் அன்றிரவு கூடலூரிலேயே தங்கி, மறுநாள் நன்றாக வெளிச்சம் வந்தபின், அவர் சொன்னபடியே மூங்கில் புதர்களுக்கிடையே நின்று நின்று வழிக்கடவுக்கு இறங்கினேன்.

நிலம்பூரில், 1840களில் மலபார் ஆட்சியர் கனோலியின் முயற்சியால் உருவான தேக்குத் தோட்டத்தின் எஞ்சிய பகுதி இன்றும் நிற்கிறது. கழுத்து வலிக்க அண்ணாந்தால்தான் அம்மரங்களின் முதல் கிளை தெரிகிறது. ஒரு காலத்தில் வெட்டிய மரங்களைக் கடற்கரைக்குக் கொண்டு சேர்த்தது சாலியாறுதான். அதே ஆறு, 2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கையிலும் சூரல்மலையிலும் மலை சரிந்தபோது, இறந்தவர்கள் பலரின் உடல்களை நிலம்பூர்ப் பகுதி வரை சுமந்து வந்தது. பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தி வெகுநேரம் அந்த நீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் எடவண்ணா, அரீக்கோடு, மாவூர் என்று ஆற்றையொட்டிப் போன சாலையில் வெயிலைத் தவிர வேறு சிரமம் இல்லை. பேப்பூரில் ‘உரு’ என்னும் மரக்கப்பல் கட்டும் பட்டறையொன்றில் தச்சர் ஒருவர் பலகையைச் செதுக்கிக்கொண்டிருந்தார். காலடியில் விழுந்த சிராய் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தேன், தேக்கின் வாசனைதான். பிறகு முகத்துவாரத்தில் ஜங்கார் படகில் வண்டியை ஏற்றி அக்கரைச் சாலியத்துக்குப் போனேன். நடுவழியில் குனிந்து கையால் அள்ளிய நீர் கரித்தது.