ஜரீரின் வசை வந்துவிட்டது, புகழ் இன்னும் வரவில்லை

ஒருவழியாக அரபுக் கவிஞர் ஜரீரின் அந்த வசைப்பாட்டு தமிழில், மூலத்தின் சந்தத்திலேயே உட்கார்ந்துவிட்டது:

விழிதாழ்த்து நுமைரினத்தான் அலையோ
கிலாபோடு கஅபினையும் அடையாய்

அரபு மூலம் இது: 'ஃபகுள்ளத் தர்ஃப இன்னக மின் நுமைரின், ஃபலா கஅபன் பலக்த வலா கிலாபா.' பார்வையைத் தாழ்த்து, நீ நுமைர் குலத்தவன், கஅபையும் எட்டவில்லை, கிலாபையும் எட்டவில்லை என்று பொருள். ஜரீரின் போட்டிக் கவிஞர் ஃபரஸ்தக் பக்கம் சாய்ந்த நுமைர் குலக் கவிஞர் ராஈயை விட்டுவிட்டு அவருடைய குலத்தையே அடித்த அடி. இந்த இடத்தில் கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை. நுமைர், கஅப், கிலாப் மூன்றும் பனூ ஆமிர் என்ற பெருங்குலத்தின் கிளைகள். பங்காளிகளின் உயரத்தைக் காட்டியே தலைகுனிய வைக்கிறார். அதன்பின் நுமைர் குலத்தார் யாராவது கேட்டால் 'பனூ ஆமிர்' என்றே சொல்லிக்கொண்டார்களாம்.

என்னைப் பிடித்துக்கொண்டது அசைக்கணக்குதான். நேர் ஓரெழுத்து அசை, நிரை குறிலில் தொடங்கும் ஈரெழுத்து அசை, ஒற்று கணக்கில் வராது. ஃபகுள்/ளத்/தர் புளிமாங்காய் (நிரை-நேர்-நேர்). ஃபஇன்/னக/மின் கருவிளங்காய் (நிரை-நிரை-நேர்). நுமை/ரின் புளிமா (நிரை-நேர்). மறுபாதியும் அச்சு அசல் இதேதான். வாஃபிர் என்ற இந்த அரபுச் சந்தத்தில் முதல் இரு சீர்களும் காய்ச்சீரில் இந்த இரண்டில் எதுவாகவும் வரலாம். ஆனால் ஜரீர் வைத்த வரிசையை மாற்ற எனக்கு மனமில்லை.

சரி, இப்போது அவரே கலீஃபா அப்துல் மலிக்கைப் புகழ்ந்ததைப் பாருங்கள்: 'அலஸ்தும் கைர மன் ரகிபல் மதாயா, வஅந்தல் ஆலமீன புதூன ராஹீ.' ஏறிச் செல்வோரில் சிறந்தவர்கள், உலகத்தாரிலேயே ஈகை மிகுந்த கையினர் நீங்கள் அல்லவா என்கிறார். அலஸ்/தும்/கை, ரமன்/ரகி/பல், மதா/யா. அசைக்கு அசை அதே வார்ப்பு! புகழில் இது தலை, வசையில் அது தலை என்று அரபு மரபு கொண்டாடும் இரண்டும் ஒரே தாளத்தில் நடக்கின்றன. இதைக் கண்ட அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

பின்பாதிக்கு 'உலகெல்லாம் வழங்கிடுங்கை உடையீர்' என்று வைத்திருக்கிறேன். சந்தம் சரி, ஆனால் 'உலகத்தாரிலேயே மிகுந்த' என்ற ஒப்பீடு போய்விட்டது. முன்பாதியோ நகரவே மாட்டேன் என்கிறது. காரணம் 'மதாயா', அதாவது ஏறிச் செல்லும் ஒட்டகம். எல்லாச் சீரும் நிரையசையில் தொடங்க வேண்டும், 'ஒட்டகம்' என்ற சொல் நேரசையில் தொடங்குகிறது. வகையுளி போட்டு, அதாவது சொல்லை இரு சீர்களுக்குப் பிரித்து, உடைத்தால் காது கூசுகிறது. 'பரியேறும்' என்றால் அளவு கச்சிதம்தான். ஆனால் நூறு ஒட்டகம் பரிசு வாங்கிய பாட்டில் குதிரையை எப்படி ஏற்றுவது?

புத்தகம் வாங்குவோருக்கு ஒன்று: ஹரகத் (உயிர்க்குறி) இல்லாத அரபு மறுபதிப்புப் பக்கமே போகாதீர்கள். எனக்கு அனுப்பியவர் படத்தில் காட்டியது ஒன்று, வந்தது வேறு. உயிர்க்குறி இல்லாமல் அசை பிரிப்பது வெறும் வதை. எட்வர்ட் லேனின் அரபு-ஆங்கில அகராதியும் கடைசி எழுத்துகளில் மெலிந்துவிடும். 1876இல் அவர் இறந்தபோது வேலை முடிந்திருக்கவில்லை. 'மதாயா' பின்வரிசை எழுத்தான மீமில் வருவதால் அங்கே அதிகம் எதிர்பார்க்க முடியாது.

அடுத்து நான் எடுக்கப்போவது அரபுக் கவிஞர் முத்தனப்பி. எகிப்தை ஆண்ட காஃபூரைப் புகழ்ந்து பாடிவிட்டு, கேட்டது கிடைக்காமல் பெருநாளுக்கு முந்தைய நாள் தப்பியோடி அவரையே வசைபாடியவர். அந்த வசை பஸீத் என்ற வேறொரு அரபுச் சந்தம். அடிப்படை வாய்பாடு தேமாங்கனி (நேர்-நேர்-நிரை), கூவிளம் (நேர்-நிரை). அங்கே ஒட்டகம் தாராளமாக ஏறும்.

அதற்குள் நிரையில் தொடங்கும் ஒட்டகப் பெயர் ஏதாவது நிகண்டில் கண்ணில் பட்டால் சொல்லுங்கள். புளிமாங்காயாக இருந்தால் இன்னும் நல்லது.