ரூபாய்க்கு எத்தனை அணா வலிக்குது, அப்பத்தா?

"வலிக்குதா?" என்று கேட்டால் நம்ம ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்துப் பெரியவர்களிடம் வரும் பதில் ஒன்றுதான். "ஒண்ணுமில்லப்பா, வயசாயிருச்சுல்ல." கடலுக்குள் முங்கிப் பாசி எடுத்தும், வலை இழுத்தும், கருவாடு காயப்போட்டும் உழைத்த உடம்பு அது. வலியைச் சொன்னால் பிள்ளைகளுக்குச் சிரமம். மதுரைக்குக் கூட்டிப் போக ஒருத்தர் வேலை கெடும், வண்டிச் செலவு வேறு. அதனால் சொல்வதில்லை. புற்றுநோய் வந்த பெரியவர் இருக்கும் வீட்டில் அந்தப் பதிலை அப்படியே நம்பிவிட வேண்டாம்.

வலியைக் கேட்பதைவிட, செய்த வேலையில் எதை விட்டுவிட்டார் என்று பாருங்கள். திண்ணை ஓரத்தில் ஓலைக் கொட்டான் ஒன்று பாதி முடைந்தபடி கிடக்கிறது, விளிம்பு கட்டாமல் ஓலை காய்ந்து வெளுத்துவிட்டது என்றால், அந்த விரலோ தோளோ முதுகோ முடியாமல் போய்ப் பல நாளாகிறது. தாத்தா வலை ஊசியைக் கையில் வைத்திருக்கிறார், கண்ணி ஏறவில்லை. ஒரே பக்கமாகப் படுக்கிறார். தரையில் உட்கார்ந்து சாப்பிட்டவர் நின்றபடியே இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொள்கிறார். வெற்றிலை, பொயிலை போட்டு வாயில் புண் வந்தவர்கள் புளிக்குழம்பை ஒதுக்கிவிட்டு ஆறிய கஞ்சிக்கு மாறிவிடுவார்கள். எல்லாவற்றையும்விட முக்கியம் தண்ணீர். கக்கூசுக்குக் குந்த முடியாதவர் குடிப்பதையே குறைத்துவிடுவார். இந்த வெயிலில் அது மலச்சிக்கலையும் சிறுநீரகத் தொல்லையையும் சேர்த்து இழுத்து வரும். நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலியும் கீழே ஒரு வாளியும் போதும், இதில் பாதியைத் தவிர்க்கலாம்.

வலி என்ற ஒற்றைச் சொல் டாக்டருக்குப் போதாது. அதிர்ஷ்டவசமாக நம் ஆட்களிடம் சொல்லுக்குப் பஞ்சமில்லை. ராத்திரியில் ஓரிடத்தில் ஆழமாகக் குடைகிறது என்றால் எலும்பாக இருக்கலாம். எரிச்சல், சுரீர், கரண்ட் அடிச்ச மாதிரி என்றால் நரம்பு. இதற்கு வேறு மாத்திரை உண்டு. விட்டு விட்டு முறுக்கிப் பிடிக்கிறது என்றால் குடல். விண்விண்ணென்று தெறித்தால் புண்ணிலோ வீக்கத்திலோ கிருமி சேர்ந்திருக்கக் கூடும். அவர் வாயில் வந்த சொல்லையே டாக்டரிடம் சொல்லுங்கள். "பெயின் இருக்கு" என்று சுருக்கிவிடாதீர்கள். எலும்புக் குடைச்சலுக்கு ஒரே ஒரு தடவை கதிர்வீச்சு கொடுத்தும் பலருக்கு நன்றாகக் குறைகிறது. அது வலியைக் குறைக்கத்தான், நோயைக் குணமாக்க அல்ல என்று தெரிந்துகொண்டு கேளுங்கள்.

அளவு கேட்கும்போது "பத்துக்கு எத்தனை?" என்றால் பலர் விழிப்பார்கள். 1957-ல் நயா பைசா வருவதற்கு முன்பே, ரூபாய்க்குப் பதினாறு அணா என்று எண்ணிப் பழகிய தலைமுறை இன்னும் இருக்கிறது. "ரூபாய்க்கு எத்தனை அணா வலிக்குது, அப்பத்தா?" என்று கேட்டுப் பாருங்கள். "பன்னெண்டணா இருக்கும்டா" என்று உடனே வரும். தினம் காலையும் மாலையும் கேட்டு, நாள்காட்டித் தாளில் எழுதி வையுங்கள்.

இனி மருந்து. வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு, வலி வந்தபிறகு மாத்திரை கொடுப்பது. வலி ஏறிவிட்டால் இறக்குவதற்குக் கூடுதல் மருந்தும் நேரமும் பிடிக்கும். கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபினில், சாதாரண மாத்திரை சுமார் 4 மணி நேரம்தான் வேலை செய்யும். அதனால் காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். நடு இரவில் எழுப்பாமல் இருக்க, இரவு 10 மணிக்கு இரட்டிப்பு அளவு எழுதித் தருவது வழக்கம். வயதானவர்களுக்கு பெரும்பாலும் 2.5 அல்லது 5 மி.கி.யில் தொடங்குவார்கள். இடையில் வலி குத்திக்கொண்டு வந்தால் கொடுக்க வேண்டிய கூடுதல் அளவையும் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அது ஒரு நாளில் மூன்று தடவைக்கு மேல் தேவைப்பட்டால் வழக்கமான அளவு போதவில்லை என்று பொருள். நீங்களாக ஏற்றாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். குளிப்பாட்டவோ, கட்டு மாற்றவோ, பஸ் ஏற்றவோ வேண்டியிருந்தால் ஒரு வேளை மருந்து கொடுத்து அரை மணி, முக்கால் மணி கழித்துத் தொடங்குங்கள்.

மார்ஃபின் தெருமுனை மருந்துக் கடையில் கிடைக்காது. 1985-ம் ஆண்டுப் போதைப் பொருள் சட்டத்தை 2014-ல் திருத்தியபிறகு அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் வழியாகக் கிடைப்பது எளிதாகியிருக்கிறது. கிடைக்காத நாட்களில் கடையில் வாங்கும் டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் பெரியவர்களின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் ரத்த அழுத்தத்தையும் கெடுக்கும். பாராசிட்டமால் 650 கூட மெலிந்த உடம்புக்கு நாளொன்றுக்கு நான்கைத் தாண்ட வேண்டாம். கல்லீரல் கெட்டிருந்தால் அதற்கும் குறைவு.

"அது போதை மருந்தாச்சே, கடைசி நேரத்துல கொடுக்கறதாச்சே" என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். வலிக்காக, சொன்ன அளவில் சாப்பிடுபவர் அடிமையாவது அரிது. மாத்திரை தொடங்கியதால் நாள் எண்ணத் தொடங்கிவிட்டதாக அர்த்தமும் இல்லை. முதல் இரண்டு மூன்று நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், பிறகு தெளியும். ஆனால் மலச்சிக்கல் தெளியாது. மாத்திரை நிற்பதற்குப் பெரிய காரணமே இதுதான். நான்காம் நாள் வயிறு கல்லாகி, "சூடு பிடிச்சிருச்சு" என்று வலி மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். முதல் நாளிலிருந்தே இரவில் பிசாகோடில் அல்லது சென்னா என்ற மலமிளக்கி மாத்திரை வேண்டும், தினமும், போனாலும் போகாவிட்டாலும். தண்ணீர் குறைவாகக் குடிப்பவருக்கு இசப்கோல் என்ற நார் உமி வேண்டாம், அது உள்ளேயே இறுகிவிடும். இன்னொன்று: பல நாள் போகாமல் இருந்து திடீரென்று தண்ணீராகக் கசிந்தால் அதைப் பேதி என்று எண்ணி நிறுத்து மருந்து கொடுக்காதீர்கள். இறுகிய மலத்தைச் சுற்றி நீர் மட்டும் வழிகிறது. கிராம செவிலியரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

தெளிந்தவர் மறுபடி மயங்கினால், கை விரல்கள் வெட்டி வெட்டி இழுத்தால், இல்லாத ஆளைப் பார்த்துப் பேசினால், அன்றைக்கே டாக்டரிடம் சொல்ல வேண்டும். சித்திரை, வைகாசியில் உடம்பில் நீர் வற்றி, சிறுநீரகம் மருந்தை வெளியேற்ற முடியாமல் தேங்குவது ஒரு காரணம். தோலில் வலி மருந்துப் பட்டை ஒட்டியிருந்தால் அதன்மேல் வெந்நீர்ப் பை கூடாது, சுளீர் வெயிலில் படுக்க வைப்பதும் கூடாது. சூட்டில் மருந்து வேகமாக இறங்கிவிடும். கீழக்கரை, ஏர்வாடி பக்கம் நோன்பு மாதத்தில் உம்மாவோ வாப்பாவோ பகல் மாத்திரையைத் தாங்களாகவே விட்டுவிடுவது உண்டு. நோயாளிக்கு நோன்பில் சலுகை இருக்கிறது. அப்படியும் பிடிவாதமாக இருந்தால் 12 மணி நேரத்துக்கு ஒரு முறை போடும் மாத்திரைக்கு மாற்ற முடியுமா என்று நோன்புக்கு முன்பே கேளுங்கள்.

முதுகுவலியோடு கால் தொய்ந்தாலோ, மரத்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். தண்டுவடம் அழுந்தியிருந்தால் சில மணி நேரத்திலேயே நடை போய்விடலாம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுத்த படுக்கையானவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கும் ஏற்பாடும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுத்து வையுங்கள்.

மாத்திரையை அட்டையிலிருந்து முன்கூட்டியே பிரித்துக் கொட்டி வைக்காதீர்கள், உப்புக்காற்றில் நமத்துப்போகும். பெட்டியில் பூட்டி, எண்ணி வையுங்கள். மிஞ்சியதைக் கிணற்றிலோ கடலிலோ போடாமல், எண்ணிக்கையோடு வாங்கிய மருத்துவமனையிலேயே திருப்பிக் கொடுங்கள்.