இரண்டு நாளில் வளர்ந்த செடி

அக்டோபர் 31 நெருங்கும்போது, ஹாலோவீன் இரவில் எந்தப் பேய்ப்படம் பார்க்கலாம் என்று கேட்பவர்களில் ஒரு சாரார் உண்மையில் பேய்ப்படமே பார்க்க விரும்பாதவர்கள். நாலு பேரோடு உட்கார்ந்து சிரிக்க வேண்டும், கொஞ்சம் திகிலும் வேண்டும், ஆனால் அன்றிரவு விளக்கை அணைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கவும் வேண்டும் என்பார்கள். அவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது, ரோஜர் கோர்மன் இயக்கி 1960இல் வெளிவந்த ‘தி லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்’ என்ற 72 நிமிடக் கறுப்பு வெள்ளைப் படத்தைத்தான். இதே கதை 1982இல் மேடை இசை நாடகமாகவும், 1986இல் பெரும் பொருட்செலவில் இசைத் திரைப்படமாகவும் வந்து புகழ் பெற்றதால், பலருக்கும் பின்னால் வந்த வடிவங்களே தெரியும்; மூலப்படத்தை ஏதோ பழைய மலிவுச் சரக்கு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். மலிவுச் சரக்கு என்பது உண்மைதான். ஏறத்தாழ 30,000 டாலரில் முடிந்த படம் அது.

இத்தகைய படங்களைப் பற்றி எழுதுபவர்கள், அட்டைச் சுவர் ஆடுவதையும் பொம்மை பொம்மையாகவே தெரிவதையும் பார்த்துத்தான் நமக்குச் சிரிப்பு வருகிறது என்பதுபோல எழுதுவது வழக்கம். இந்தப் படத்தைப் பொறுத்தவரை அது சரியில்லை என்பது என் கருத்து. இதில் நாம் சிரிப்பது எழுதி வைக்கப்பட்ட வசனங்களுக்கும், அவற்றை நடிகர்கள் எடுத்துவிடும் வேகத்துக்கும்தான். பணமும் நாளும் இல்லாமல் போனது அந்த வேகத்தைக் கெடுக்கவில்லை. பல இடங்களில் அதை உண்டாக்கியதே அந்த நெருக்கடிதான்.

வேறொரு படத்துக்காக எழுப்பப்பட்டு, இடிக்கப்படாமல் நின்ற அரங்கு ஒன்று கோர்மனுக்குக் கிடைத்தது. நடிகர்களை முன்கூட்டியே ஒத்திகை பார்க்க வைத்து, உட்புறக் காட்சிகள் அனைத்தையும் 1959 டிசம்பர் இறுதியில் இரண்டே நாட்களில் அவர் எடுத்து முடித்தார். ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கேமராக்கள் ஓடின. ஒவ்வொரு கோணத்துக்கும் விளக்குகளை மாற்றி வைக்க அவகாசம் இல்லாததால், அரங்கு முழுவதும் ஒரே சீராக வெளிச்சம் பாய்ச்சிவிட்டு, மூன்று நான்கு பேரை ஒரே ஃபிரேமுக்குள் நிறுத்தி, காட்சியை நீளமாகப் பேசி நடிக்க விட்டிருக்கிறார்கள். திகில் படத்துக்கு இது தற்கொலைக்குச் சமம், ஏனென்றால் நிழலே இல்லாத அறையில் எவரையும் பயமுறுத்த முடியாது. நகைச்சுவைக்கோ இதுவே வாய்ப்பான ஏற்பாடு. ஒருவர் பேசும்போது மற்றவர் முகம் எப்படிப் போகிறது என்பதை வெட்டில்லாமல் பார்க்க முடிகிறது; ஒருவர் வார்த்தை முடியுமுன் அடுத்தவர் குறுக்கே விழுவதும் இயல்பாக அமைகிறது.

வெளிப்புறக் காட்சிகளைத் திரைக்கதை எழுதிய சார்லஸ் கிரிஃபித்தும், கடை முதலாளியாக நடித்த மெல் வெல்ஸும் ஒரு சிறு குழுவோடு தனியே போய் எடுத்தார்கள். கதை நடக்கும் இடம் ஸ்கிட் ரோ, அதாவது வீடற்றவர்களும் குடிக்கு அடிமையானவர்களும் ஒதுங்கும் பகுதி. லாஸ் ஏஞ்சலிஸில் அத்தகைய தெருவுக்கே நேரில் சென்று, அங்கிருந்தவர்களுக்கு ஒரு காட்சிக்குப் பத்து சென்ட் வீதம் கொடுத்து நடிக்க வைத்ததாகச் சொல்வார்கள். ரயில் அடித்து ஒருவன் சாகும் காட்சிக்காக ரயில்வே யார்டு ஊழியர்களை இரண்டு புட்டி ஸ்காட்ச் விஸ்கியால் இணங்க வைத்த கதையும் உண்டு. அந்தக் காட்சியில் எஞ்சின் நடிகரை நோக்கி வரவே இல்லை. அவரை விட்டுப் பின்னோக்கிச் செல்ல வைத்துப் படம்பிடித்து, பிறகு அந்தத் துண்டைத் தலைகீழாக ஓட விட்டிருக்கிறார்கள். இது தெரிந்த பிறகு பார்த்தாலும் அந்தக் கணம் தூக்கிவாரித்தான் போடுகிறது.

கதை எளிமையானது. கிராவிஸ் முஷ்னிக் என்பவரின் வாடிக்கையாளர் அற்ற பூக்கடையில் சீமோர் என்ற அசட்டுப் பையன் வேலை செய்கிறான். எதைத் தொட்டாலும் உடைப்பவன். முதல் காட்சியிலேயே வேலை போகும் நிலை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள, தான் வளர்த்துவரும் விநோதமான செடி ஒன்றைக் கடைக்குக் கொண்டுவருகிறான். உடன் வேலை செய்யும், தான் மனதுக்குள் விரும்பும் பெண்ணின் பெயரையே செடிக்கும் வைத்திருக்கிறான்: ஆட்ரி ஜூனியர். ஊரில் இல்லாத செடி ஒன்று கடையில் இருந்தால் கூட்டம் கூடும் என்று ஒரு வாடிக்கையாளர் யோசனை சொல்ல, முதலாளி ஒரு வாரம் தவணை கொடுக்கிறார். வாடிக் கிடக்கும் செடிக்கு எந்த உரமும் பிடிக்கவில்லை. தற்செயலாக விரலில் காயம்பட்ட இரவில், அதற்கு வேண்டியது ரத்தம் என்பதைச் சீமோர் கண்டுபிடிக்கிறான். பத்து விரலும் தீர்ந்து, அவனே சோகை பிடித்தவனாகத் தள்ளாடும் நிலையில் செடி வாய் திறந்து, ‘எனக்குத் தீனி போடு’ என்று அதட்டுகிறது. அந்தக் குரல் கிரிஃபித்துடையது. படப்பிடிப்பில் சும்மா வாசித்துக் காட்டுவதற்காக அவர் பேசியதே கடைசிவரை நின்றுவிட்டது என்று சொல்லப்படுகிறது. அதே கிரிஃபித் திருடனாகவும் வந்து செடிக்கு இரையாகிறார். அவருடைய பாட்டி மிர்ட்டில் வெய்ல் சீமோரின் தாயாக நடித்திருக்கிறார். செலவைக் குறைப்பதற்குக் குடும்பத்தையும் விடவில்லை.

அந்தத் தாய் பாத்திரம் எனக்கு மிகவும் பிடித்தது. இல்லாத நோய்களையெல்லாம் தனக்கு இருப்பதாக எண்ணி, மருந்துப் புட்டிகளால் வீட்டை நிரப்பி, உணவையும் மருந்து கலந்தே சமைக்கும் மூதாட்டி அவர். இவரைப் போல ஒவ்வொரு துணைப் பாத்திரத்துக்கும் ஒரே ஒரு பைத்தியக்காரத்தனத்தைக் கொடுத்து, அதைத் துளியும் விளக்காமல் விட்டுவிடுகிறது திரைக்கதை. டிக் மில்லர் நடித்த வாடிக்கையாளர் பூக்களை வாங்கி, உப்புத் தூவி, கடையிலேயே நின்று தின்கிறார். கடையில் எவரும் அதற்காகப் புருவம் உயர்த்துவதில்லை. கறுப்பு உடை அணிந்த ஒரு பெண்மணி ஒவ்வொரு முறையும் புதிதாக ஓர் உறவினர் இறந்துவிட்டதாகச் சொல்லிப் பூ வாங்க வருகிறார். வானொலி, தொலைக்காட்சித் துப்பறியும் தொடர்களைக் கேலி செய்யும் வகையில் படைக்கப்பட்ட இரண்டு காவலர்கள், உணர்ச்சியே இல்லாத குரலில் குடும்ப நலம் விசாரித்துக்கொள்கிறார்கள். நேற்று ஒரு பிள்ளை இறந்துவிட்டது, தீக்குச்சி வைத்து விளையாடிக்கொண்டிருந்தது என்று ஒருவர் சொல்ல, வாழ்க்கை அப்படித்தான் என்கிற தொனியில் மற்றவர் தலையசைத்துவிட்டு வழக்கு விஷயத்துக்குத் திரும்புகிறார். படத்தில் உண்மையிலேயே முதுகு சில்லிடும் இடம் அதுதான். செடி எத்தனை பேரை விழுங்கினாலும் அதற்கு ஈடாகாது.

சீமோரின் கொலைகள் எதுவும் திட்டமிட்டவை அல்ல. முதலாமவன், சீமோர் எரிச்சலில் விட்டெறிந்த கல் பட்டு ரயிலின் முன் விழுகிறான். இரண்டாமவர் பல் மருத்துவர் ஃபார்ப். வலி என்று போனவனின் நல்ல பற்களையும் பிடுங்க முயன்று, கைகலப்பில் தன் கருவியாலேயே சாகிறார். சடலத்தை அப்புறப்படுத்துமுன் அடுத்த நோயாளி உள்ளே வந்துவிடுகிறான். மருத்துவராக நடிப்பதைத் தவிர சீமோருக்கு வேறு வழியில்லை.

அந்த நோயாளியாக வருபவர், பின்னாளில் ஹாலிவுட்டின் பெரும் நட்சத்திரமான ஜாக் நிக்கல்சன். அப்போது அவருக்கு வயது 22. கோர்மன் தயாரிப்பில் 1958இல் வெளிவந்த ஒரு படத்தில் அறிமுகமாகியிருந்தாலும், அவரை எவருக்கும் தெரியாத காலம். வலியை விரும்பிச் சுவைக்கும் வில்பர் ஃபோர்ஸ் என்ற அந்த ஆள், காத்திருப்போர் அறையில் ‘வலி’ என்ற பெயருள்ள பத்திரிகையை ஒருவித பரவசத்தோடு படிக்கிறான். மரத்துப்போக ஊசி போட்டால் உணர்வு மழுங்கிவிடும் என்று மறுக்கிறான். துளைக்கும் கருவி சுழலத் தொடங்கியதும், மேலும் மேலும் என்று கெஞ்சுகிறான். பிடுங்கிய பற்களின் இடைவெளி தெரியச் சிரித்துக்கொண்டே, நண்பர்களையெல்லாம் அனுப்பி வைப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டுப் போகிறான். சில நிமிடங்களே நீளும் இந்தக் காட்சியில் நிக்கல்சன் குரலை மேலே ஏற்றி, கண்களை உருட்டி, தோளைக் குலுக்கி, கூச்சம் என்பதே இல்லாமல் விளாசுகிறார். எதிரே சீமோராக நடித்த ஜொனாதன் ஹேஸின் முகத்தைக் கவனியுங்கள். கொலை செய்துவிட்ட பயம் மறைந்து, இப்படியும் ஒரு மனிதனா என்ற வியப்பு மெல்ல ஏறும். சிரிப்பின் பாதி அந்த முகத்தில் இருக்கிறது.

இதில் பல் பிடுங்கும் பகுதியின் முடிவு உண்மையில் எடுக்கப்படவே இல்லை என்று நிக்கல்சன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஹேஸ் பின்னால் சாய்ந்தபோது, வாடகைக்கு எடுத்து வைத்திருந்த பல் மருத்துவக் கருவியின் மீது அவர் கால் இடித்து, அது சரியத் தொடங்கியதாம். கோர்மன் ‘கட்’ என்று கூடச் சொல்லாமல் அரங்குக்குள் பாய்ந்து, சரியும் கருவியைப் பிடித்துக்கொண்டே, முடிந்தது, அடுத்த அரங்குக்குப் போகலாம் என்றாராம். கோர்மனின் அத்தனை படங்களுக்கும் இந்த ஒரு காட்சியே விளக்கவுரை. பின்னாளில் பெரிய இயக்குநர்களான கொப்போலாவும் ஸ்கோர்செசியும் ஜேம்ஸ் கேமரோனும் தொடக்க காலத்தில் அவரிடம் வேலை செய்து தேறியவர்கள் என்பதும், 2009இல் அவருக்குக் கௌரவ ஆஸ்கர் வழங்கப்பட்டதும் சேர்த்து எண்ணத்தக்கவை. 2024 மே மாதம் தம் 98ஆம் வயதில் அவர் காலமானார்.

குறைகள் இல்லாமல் இல்லை. இறுதியில் வரும் துரத்தல், டயர்களும் கழிவறைப் பீங்கான்களும் குவிந்து கிடக்கும் இடங்களின் ஊடே தேவைக்கு மேல் நீள்கிறது. கிடைத்த வெளிப்புறத் துண்டுகளை வீணாக்க மனமில்லாமல் எல்லாவற்றையும் ஒட்டிவிட்டார்கள் என்று தோன்றும். கடைசிப் பலிக்கு முன்னால் செடி சீமோரை மயக்கி வசியப்படுத்துவதாகக் காட்டுவது, அதுவரை கட்டிய கதையையே தளர்த்திவிடுகிறது. வசியத்தில் செய்பவனுக்குக் குற்றத்தில் பங்கில்லையே! பணத்தாசை பிடித்த யூதக் கடைக்காரர் என்ற பழைய அச்சில் முஷ்னிக் வார்க்கப்பட்டிருப்பதும் இன்று நெருடுகிறது. நடித்த வெல்ஸ் தாமே யூதர் என்பதும், அந்தப் பாத்திரத்துக்கு அவர் ஒரு மனச்சான்றையும் சேர்த்துக் கொடுத்தார் என்பதும் நெருடலைக் குறைக்கின்றனவே தவிர முற்றிலும் நீக்கவில்லை.

மனச்சான்று என்றேன். முஷ்னிக் ஒரு இரவு கடைக்குத் திரும்பி, சீமோர் செடிக்கு எதை ஊட்டுகிறான் என்பதைக் கண்ணால் கண்டுவிடுகிறார். மறுநாள் காலை காவல் நிலையம் போவதாக முடிவு. காலையில் கடை வாசலில் கூட்டம் முண்டியடிக்கிறது, கல்லாப்பெட்டி நிரம்புகிறது, அவர் கால்கள் காவல் நிலையப் பக்கம் திரும்ப மறுக்கின்றன. கூச்சமும் ஆசையும் மாறி மாறி அந்த முகத்தில் ஓடுவதை வெல்ஸ் அருமையாகக் காட்டியிருக்கிறார். சீமோருக்கும் இதே நிலைதான். வாழ்நாளில் முதல் முறையாக அவனை நாலு பேர் மதிக்கிறார்கள், பூச்செடி ஆர்வலர் சங்கம் கோப்பை கொடுக்க வருகிறது, ஆட்ரி அவனோடு வெளியே செல்லச் சம்மதிக்கிறாள். அத்தனையும் ஒரு செடியின் பசியை நம்பி நிற்கின்றன. திகில் என்று இப்படத்தில் ஏதேனும் உண்டென்றால் இந்த ஏற்பாடுதான் அது.

படத்தின் முடிவைத் தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிச் செல்லலாம். கோப்பை வழங்கும் அன்று மாலை மொட்டுகள் விரியும்போது, ஒவ்வொரு பூவின் நடுவிலும் இறந்தவர்களின் முகம் தெரிகிறது. தப்பியோடும் சீமோர் மீண்டும் கடைக்கு வந்து, கத்தியோடு செடியின் வாய்க்குள் இறங்குகிறான். கடைசி மொட்டில் அவன் முகம் மலர்ந்து, தான் வேண்டுமென்றே செய்யவில்லை என்று முனகிவிட்டுத் தலை சாய்கிறது. 1986இல் ஃபிராங்க் ஓஸ் இயக்கிய இசைப் படத்துக்கு இருபத்தைந்து மில்லியன் டாலர் அளவுக்குச் செலவிட்டு, செடிகள் ஊரையே அழிக்கும் முடிவை எடுத்தார்கள். முன்னோட்டக் காட்சிகளில் பார்வையாளர்கள் அதை வெறுத்ததால், காதலர்கள் பிழைப்பதாக மாற்றிப் படம்பிடிக்க வேண்டியதாயிற்று. கோர்மனுக்கு அந்தக் கவலை இல்லை. இழப்பதற்குப் பணம் இல்லாதவர், நாயகனைச் செடிக்கே உணவாக்கிவிட்டுப் படத்தை முடித்துக்கொண்டார்.

முதல் சுற்றுக்குப் பிறகு இப்படத்துக்கு மதிப்பிருக்கும் என்று கோர்மன் எண்ணாததால் காப்புரிமையைப் பற்றிக் கவலைப்படவில்லை. படம் பொதுச் சொத்தாகிவிட்டது. ஆகவே இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம், அதுவும் சட்டத்துக்கு உட்பட்டே. ஆனால் யார் வேண்டுமானாலும் பிரதி போடலாம் என்பதால் மங்கலும் கீறலுமான பிரதிகளே மிகுதி. அவற்றின் அட்டையில் நிக்கல்சனைக் கதாநாயகன்போலப் பெரிதாகப் போட்டிருப்பார்கள், ஏமாற வேண்டாம். வண்ணம் பூசப்பட்ட ஒரு பதிப்பும் உலவுகிறது. அதைத் தவிர்த்துவிட்டு, ஒலி தெளிவாக உள்ள கறுப்பு வெள்ளைப் பிரதியைத் தேடுங்கள், ஏனெனில் வசனம் கேட்காவிட்டால் இப்படத்தில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. இரவு நீளமாக இருந்தால், கோர்மனும் கிரிஃபித்தும் இதற்கு முன்பே 1959இல் ஐந்து நாட்களில் எடுத்த ‘எ பக்கெட் ஆஃப் பிளட்’ படத்தை முதலில் போடலாம். அதில் டிக் மில்லர்தான் நாயகன். சிற்பி ஆக ஆசைப்பட்டு, பிணங்களின் மேல் களிமண் பூசிப் புகழ் பெறும் உணவக உதவியாளன். ஃபிரெட் கட்ஸ் அந்தப் படத்துக்காக அமைத்த இசையே செடிப் படத்திலும் அப்படியே திரும்ப வருகிறது. 66 நிமிடமும் 72 நிமிடமும் சேர்ந்தால் இரண்டேகால் மணி நேரத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.